அம்மாவுக்கு மோர்பின், அத்தானுக்கு ஃபென்டனில் பட்டை: ஒரே வீட்டில் இரண்டு நாட்டு வழக்கம்

பாலையூற்றுக்காரி (கேள்வி)

வணக்கம். திருகோணமலை பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஏறக்குறைய ஒரே வகை, அதாவது அபின் வகை, வலி மருந்து. ஆனால் இருவருக்கும் அது கிடைக்கும் விதத்துக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. விளங்கியவர்கள் விளக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு 71 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டதென்று சென்ற ஆண்டு சொன்னார்கள். முதலில் பனடோல், பிறகு ட்ரமடோல் என்று கொடுத்துப் பார்த்து, எதற்கும் நோ அடங்காமல் போகவே, மூன்று வாரங்களுக்கு முன்பு கிளினிக்கில் மோர்பின் குளிசை எழுதித் தந்தார்கள். பைக்கட்டின் மேலிருந்த பெயரை வாசித்த பெரியம்மா, "இதைத் தொடங்கினால் ஆள் திரும்பமாட்டாள்" என்று வாசலிலேயே இருந்து அழுதார். அன்றிலிருந்து குளிசைகள் அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அம்மா தாங்க முடியாமல் முனகும் இரவுகளில் மட்டும் ஒன்றை எடுத்து, அவருக்கு விழுங்கச் சிரமம் என்பதால் கரண்டியின் பின்பக்கத்தால் நொறுக்கி, கதலி வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டுகிறேன். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவர் கண் திறப்பதில்லை. அதைப் பார்க்கும்போது பெரியம்மா சொன்னது சரியோ என்ற பயம் எனக்கும் வந்துவிடுகிறது.

மறுபுறம், அக்காவின் கணவர் ரொறன்ரோவில் இருக்கிறார். வேலையிடத்தில் விழுந்து நாரி அடிபட்டவர். ஒன்பது ஆண்டுகளாக, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றும் ஃபென்டனில் பட்டையை நெஞ்சில் ஒட்டுகிறார். இடைக்கிடை ஒக்சிகோடோனும் போடுகிறார். நோ போய்விட்டதா என்று கேட்டால், "அது அப்படியேதான், ஆனால் இது இல்லாமல் எழும்ப ஏலாது" என்கிறார். அடுத்த மாதம் ஆறு மாத விடுமுறையில் இங்கே வருகிறார். கன்னியா வெந்நீரூற்றில் கிழமைக்கு இரண்டு தரம் குளித்தால் நாரிக்கு நல்லதென்று இப்போதே திட்டம் போட்டிருக்கிறார். கொண்டுவரும் மருந்து முடிந்தால் இங்கே எடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

எலும்பை அரிக்கும் புற்றுநோய்க்கு நாங்கள் ஒளித்துவைத்துக் கொடுக்கும் மருந்தை, நாரி நோவுக்கு ஒரு நாடு ஒன்பது ஆண்டுகள் தாராளமாகக் கொடுத்திருக்கிறதென்றால், எது பிழை? அவர்களா, நாங்களா?

ஓய்வுபெற்ற மருந்தாளர், உவர்மலை

பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு. முதலில் குளிசையை நொறுக்குவதை நிறுத்துங்கள்.

மோர்பின் குளிசை இரண்டு வகை. ஒன்று சாதாரணமானது, நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். மற்றது மெதுவாகக் கரைந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சிறிது சிறிதாக மருந்தை விடுவது. கிளினிக் கொப்பியில் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதை நொறுக்கினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான மருந்து ஒரே தடவையில் உடம்புக்குள் இறங்கும். மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உங்கள் அம்மா மறுநாள் மத்தியானம் வரை கண் திறக்காமல் கிடந்ததற்கு மருந்தின் பெயர் காரணமாக இருக்காது. கரண்டிதான் காரணமாக இருக்கக்கூடும். கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் நாளைக்கே கொப்பியையும் பைக்கட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். விழுங்கச் சிரமம் என்பதை அவசியம் சொல்லுங்கள். அதற்கு வேறு வடிவங்கள் உண்டு. சிறுநீரகக் குறைபாடு ஏதும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மோர்பின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும். தேங்கினால் அதே மயக்கம் வரும்.

அடுத்த பிழை, முனகும்போது மட்டும் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறையை 1986 இல் வெளியிட்டபோதே, வாயால் கொடு, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடு என்ற இரண்டையும் வலியுறுத்தியது. நோ தலையெடுத்த பிறகு அடக்குவதற்கு வேண்டிய அளவு, தலையெடுக்காமல் வைத்திருப்பதற்கு வேண்டிய அளவைவிடக் கூடுதல். ஆகையால் பயந்து பயந்து கொடுக்கிறவர்கள்தான் கடைசியில் கூடுதலாகக் கொடுக்க நேரிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்கத்தில் வரும் தூக்கமும் ஓங்காளமும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும், மலச்சிக்கல் குறையாது. மோர்பின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்து நாள் வயிறு போகாமல் உப்பிக் கிடக்கும் நோயாளி, நோவைவிட அதனாலேயே "இந்த மருந்து வேண்டாம்" என்று சொல்லிவிடுவதை நான் வாட்டில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெரியம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே நெடுங்காலமாக மோர்பினைக் கடைசிக் கிழமையில்தான் கொடுத்துவந்தோம். கொடுத்த கிழமையில் ஆள் போனார். ஆகவே மருந்துதான் கொண்டுபோனது என்று சனம் கணக்குப் போட்டது. முறையான அளவில், நோவுக்கேற்பக் கூட்டிக் கொடுக்கப்படும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. உடம்பு மருந்துக்குப் பழகுவதும் மனம் மருந்துக்கு அடிமையாவதும் வெவ்வேறு விடயங்கள். அம்மாவின் உடம்பு பழகும், திடீரென நிறுத்தக்கூடாது என்பது உண்மை. அதற்காக அவர் தூள் குடிக்கிறவராகிவிட மாட்டார்.

சட்டமும் இந்தப் பயத்துக்கு உரம் போட்டது. நச்சுப்பொருட்கள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நாங்கள் இந்தக் குளிசைகளை எண்ணிப் பூட்டி வைத்தோம். 1984 ஆம் ஆண்டுத் திருத்தம் கடத்தலுக்கு மரண தண்டனை வரை கொண்டுவந்தபோது, ஹெரோயினுக்குப் பக்கத்தில் மோர்பினும் இருந்தது. ஒரு குளிசை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன், குளிசையே வராவிட்டால் நிம்மதி என்று நினைப்பது மனித இயல்பு. நானும் அப்படி நினைத்த நாட்கள் உண்டு. இத்தனைக்கும் எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் அடியில் இருக்கும் 1961 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, வலியையும் துன்பத்தையும் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்று முகவுரையிலேயே சொல்கிறது. முகவுரையை யார் வாசிக்கிறார்கள்?

இந்தியாவைப் பாருங்கள். மருத்துவத்துக்கான அபினைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் வயல்கள் இருக்கின்றன, நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்கத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் 1985 இன் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு அங்கே ஆஸ்பத்திரிகளில் மோர்பின் அருகிப்போனது. பல உரிமப் பத்திரங்களை வெவ்வேறு அலுவலகங்களில் எடுத்தால்தான் ஒரு போத்தல் வாங்கலாம் என்ற நிலை. 2014 இல்தான் சட்டத்தைத் திருத்தி ஒரே உரிமத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கிடையில் கேரளம் காத்திருக்கவில்லை. 1993 இல் கோழிக்கோட்டில் வைத்தியர் ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் தொடங்கிய சிறு கிளினிக் ஊருக்கு ஊர் தொண்டர் குழுக்களாகப் பரவி, 2008 இல் மாநில அரசாங்கத்தின் கொள்கையாகவே ஆனது. உகண்டாவில் மோர்பின் தூளைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். விசேட பயிற்சி பெற்ற தாதியரே அதை எழுதிக்கொடுக்கலாமென்று 2004 முதல் சட்டம் அனுமதிக்கிறது. பணம் இல்லாததால்தான் இம்மருந்து இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வர வேண்டாம்.

ஆனாலும் உலகக் கணக்கு வெட்கப்பட வைக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மோர்பினுக்குச் சமனாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 298.5 தொன் வலி மருந்து உலகத்தில் பகிரப்பட்டது; அதில் மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 தொன், அதாவது 100 கிலோ.

நிலாவெளி வாசகன்

எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த நச்சுக் குளிசைகளா இருந்தன? எண்ணெய் பூசி, நொச்சியிலை ஒத்தடம் கொடுத்து, பத்தியம் காத்து நோவைத் தாங்கினார்கள். மேல்நாட்டான் முதலில் பழக்கிவிட்டு, இப்போது அவனே செத்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் ஏன் அந்தக் கிடங்கில் விழ வேண்டும்?

ஒன்ராறியோத் தாதி

தங்கச்சி, நான் திருக்கடலூரில் பிறந்து வளர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்ராறியோவில் தாதியாக வேலை செய்கிறேன். அத்தானைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும்.

வெந்நீரூற்றுத் திட்டத்தைப் பட்டை ஒட்டியிருக்கும் வரைக்கும் கைவிடச் சொல்லுங்கள். தோல் சூடேறினால் பட்டையிலிருந்து மருந்து இறங்கும் வேகம் கூடும். சுடுதண்ணீர்க் குளிப்பு, சுடுதண்ணீர்ப் பை, உச்சி வெயில், காய்ச்சல் எல்லாமே அப்படித்தான். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் மாறி மாறி அள்ளி ஊற்றிவிட்டு வெயிலில் நின்று படம் பிடிக்கும் மனிதர், மூன்று நாளைக்குரிய மருந்தில் எவ்வளவை அன்றைக்கே வாங்கிக்கொண்டார் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, இது கெஞ்சிக் கேட்பது: அம்மாவின் நோவைப் பார்க்கப் பொறுக்காமல் அத்தானின் பட்டையில் ஒன்றை அம்மாவுக்கு ஒட்டிவிடாதீர்கள். வேறு மருந்துகளால் உடம்பு நன்கு பழகியவர்களுக்குத்தான் அது. பாசத்தினால் செய்து பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு.

கழற்றிய பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2016 ஒக்ரோபரிலிருந்து பழைய பட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியதைத் தருவார்கள். அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஆறு மாதம் வெளிநாட்டில் நிற்கும்போது அதை எப்படிச் சமாளிப்பதென்று அவர் தன் மருந்தாளரிடம் புறப்படுவதற்கு முன்பே பேசியாக வேண்டும். இலங்கைக்குள் கொண்டுவருவதற்கு மருந்தின் பெயர், அளவு, காரணம் எழுதிய வைத்தியரின் கடிதமும் மருந்தின் சொந்தப் பொதியும் வேண்டும். எவ்வளவு கொண்டுவரலாம் என்பதை ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். டுபாய் வழியாக வந்து அங்கே இறங்குவதாயின் அந்த நாட்டின் முன் அனுமதி தனியாக எடுக்க வேண்டும். எகிப்துக்கு 290 ட்ரமடோல் குளிசை கொண்டுபோன ஒரு பிரித்தானியப் பெண்ணுக்கு 2017 இல் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அவருடைய ஊரில் அது வைத்தியர் எழுதித்தரும் வலிக் குளிசை.

இனி, ஏன் இந்த நாடு அவருக்கு இவ்வளவு கொடுத்தது என்ற கேள்வி. 1980 இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழொன்றில் ஐந்து வசனங்களில் ஒரு கடிதம் வந்தது: வைத்தியசாலையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்று. வாட்டில் சில நாட்கள் கண்காணிப்பில் இருந்தவர்களின் கணக்கு அது. அதையே ஆண்டுக்கணக்காக வீட்டில் குளிசை போடுகிறவர்களுக்கும் பொருந்துமென்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்கள். 1996 இல், ஒக்சிகோடோனை மெதுவாக விடும் ஒக்சிகொன்டின் குளிசை சந்தைக்கு வந்தது. விற்பனைப் பிரதிநிதிகள் வைத்தியர்களின் வாசலில் நின்றார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த பர்டியூ குழுமம் 2007 இலும் 2020 இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கனடாவும் அதே வெள்ளத்தில் நனைந்தது. 2016 தொடக்கம் 2024 முடிவு வரை இந்த வகைப் பொருட்களின் நஞ்சேற்றத்தால் கனடாவில் இறந்தவர்கள் 50,000 இற்கும் மேல். அவர்களில் மிகப் பலரைக் கொன்றது களவாகத் தயாரிக்கப்பட்ட ஃபென்டனில். ஆனால் பாதையைத் திறந்துவிட்டது வைத்தியரின் மருந்துத் துண்டு.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நாட்பட்ட நாரி நோவுக்கு இம்மருந்துகள் சனம் நினைக்கும் அளவுக்கு வேலை செய்வதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 240 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்த ஆய்வு 2018 இல் வெளியானது: நாரி நோ, இடுப்பு, முழங்கால் மூட்டு நோ உள்ளவர்களில் இம்மருந்து பெற்றவர்கள், பனடோல் வகையும் வீக்கம் குறைக்கும் மருந்தும் பெற்றவர்களைவிட நன்றாக இயங்கவில்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 இல், வேறு நோயின் விளைவென்று சொல்ல முடியாத நாட்பட்ட வலிக்கு இவற்றைத் தொடங்கவே வேண்டாம் என்றது. உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் முன்னால் வைத்தது. "நோ அப்படியேதான்" என்று அத்தானே சொல்கிறாரே, அதுதான் அந்த ஆய்வுகளின் சாரம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் அவருடைய பட்டையைப் பிடுங்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2016 இல் இம்மருந்துகளை எழுதுவதற்கான வழிகாட்டி வந்தவுடன், அதில் சொன்ன அளவுகளைச் சட்டமாக எண்ணிக்கொண்டு பல வைத்தியர்கள் பழைய நோயாளிகளுக்கு ஒரேயடியாக வெட்டினார்கள். சிலர் தெருவில் வாங்கினார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2019 இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் திடீரென நிறுத்துவதற்கு எதிராக எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. 2022 இல் வழிகாட்டியையும் திருத்தினார்கள். ஒன்பது ஆண்டு பழகிய உடம்பை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும், அதுவும் அவருடைய சம்மதத்தோடு. பாதி விடுமுறையில் திருகோணமலையில் மருந்து முடிவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அதே மருந்து அங்கே கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம். ஆறு மாதத்தைச் சுருக்கிக்கொள்வது புத்தி.

மூதூர்க் கடலோடி

புற்றுநோய்க்காரர் ஒரு பக்கம், கனடாக்காரர் ஒரு பக்கம். நடுவில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

2006 இல் இடம்பெயர்ந்து, திரும்பிவந்த காலத்தில் வயலோரம் மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். இல்லாத அந்தக் காலின் பெருவிரலை யாரோ குறட்டால் திருகுவது போல இன்றைக்கும், விசேடமாக மாரிகாலத்தில், நோ வரும். முதல் ஆண்டுகளில் ட்ரமடோல் தந்தார்கள். அது குறைந்தபோது ஒரு கடையில் துண்டு இல்லாமலே கூடுதல் விலைக்குத் தந்தார்கள், வாங்கினேன். நாளைக்கு எட்டு வரை போனேன். ஒருநாள் வலிப்பு வந்து தோணிக்குள்ளேயே விழுந்தேன். கூட வந்தவர்கள் இழுத்துப் பிடித்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு வைத்தியர் நரம்பு நோவுக்கான பிரிகாபலின் எழுதினார். நன்றாகக் கேட்டது. ஆனால் அதைப் போதைக்குப் பாவிக்கிற இளைஞர்கள் பெருகிவிட்டதால், என்னிடம் ஒரு அட்டை குளிசையும் கிளினிக் கொப்பியும் இருந்தும், ஒரு சோதனைச் சாவடியில் அரை நாள் இருக்க வைத்தார்கள். இங்கிலாந்திலும் 2019 இலிருந்து அந்த மருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறதென்று அறிகிறேன். ஆகவே கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பியை வாசிக்கத் தெரிந்தவர் சாவடியில் இருந்தால் போதும்.

எனக்கு ஓரளவு உதவியது, நம்பமாட்டீர்கள், அலுமாரிக் கண்ணாடி. பிசியோதெரபி அறையிலிருந்த தங்கை சொல்லித்தந்தார்: கதிரையில் இருந்து, இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, வலது காலை அசைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். இழந்த கால் திரும்பிவந்து விரலை விரிப்பது போலத் தெரியும். முதல் நாள் அழுதுவிட்டேன். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் ராமச்சந்திரன் தொண்ணூறுகளில் கண்டுபிடித்த முறையாம் அது. நோ முழுதாகப் போகவில்லை, திருகு தளர்ந்தது. இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலினும் போடுகிறேன். ட்ரமடோல் பக்கம் போவதில்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளர், உவர்மலை

மூதூர்த் தம்பி, உங்கள் வலிப்புக்கு அந்த எட்டுக் குளிசைகளே போதிய காரணம்; ட்ரமடோல் அளவு கூடினால் அப்படித்தான் செய்யும். அமிட்ரிப்டிலினோடு சேர்த்துப் போட்டால் ஆபத்து இன்னும் கூடும். ஒதுங்கியிருப்பது நல்லது.

நிலாவெளி நண்பருக்கு: ஒத்தடம் நல்லது, நானும் முழங்காலுக்குக் கொடுக்கிறேன். ஆனால் பாட்டன் காலத்து நாட்டு வைத்தியத்திலும் அபின் சேர்ந்த மருந்துகள் இருந்தன. எலும்புக்குள் புற்று ஏறியவருக்கு நொச்சி போதாதென்று அந்தப் பரியாரிமாருக்கும் தெரிந்திருந்தது.

பாலையூற்றுப் பிள்ளை, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எலும்பு நோவுக்குக் கதிர்வீச்சு ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் பலருக்கு நோ நன்றாகக் குறைகிறது. நோயைச் சுகப்படுத்த அல்ல, நோவைக் குறைக்க மட்டும். கிளினிக்கில் நீங்களாகவே கேளுங்கள். சன நெரிசலில் அவர்கள் சொல்ல மறந்திருக்கலாம்.

பாலையூற்றுக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை வாசித்த மறுநாள் காலையே கொப்பியோடு போனேன். அது பன்னிரண்டு மணித்தியாலக் குளிசைதான். நொறுக்கினேன் என்று சொன்னபோது வைத்தியர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இப்போது நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சாதாரண மோர்பின், சிறிய அளவில். கூடவே இரவில் மலமிளக்கி. கதிர்வீச்சுக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள்.

குளிசை சேலைகளுக்குப் பின்னாலிருந்து சுவாமி அறைத் தட்டுக்கு வந்துவிட்டது. நேரத்தைப் பெரியம்மாதான் இப்போது கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைக்கிறார். விடிய இரண்டு மணி முறைக்கு நான் எழும்பாவிட்டால் அவரே எழுப்புகிறார். நேற்று அம்மா சுவரில் சாய்ந்திருந்து, ஒரு கோப்பை தேநீரை முழுதாகக் குடித்தார். சீனி குறைவென்று குறையும் சொன்னார்.

அத்தான் வருகையை ஆறு கிழமையாகக் குறைத்திருக்கிறார். பழைய பட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோக மருந்தாளர் ஒரு தாள் கொடுத்தாராம். கன்னியாவுக்குக் கூட்டிப்போவோம், கிணற்றடிக்கு வெளியே நிழலில் இருந்து பார்க்கட்டும். துணைத் தூதரகத்தின் பதில் இன்னும் வரவில்லை. வந்தவுடன் இங்கே எழுதுகிறேன்.